ஆப்பாக வந்த கத்தி

2016 மே மாதத்தில் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த என் மைத்துனர், பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்துக் கொண்டுவந்த கத்தியை என் கையில் கொடுத்தார். அதை வாங்கியபோது எனக்கு மகிழ்ச்சியைவிட மிரட்சிதான் அதிகமாக இருந்தது. அலகின் நீளம் 14 செ.மீ., அகலம் 40 மி.மீ., முதுகின் தடிமன் 6.3 மி.மீ., எடை 450 கிராமுக்குச் சற்று மேல். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவன் விறகு பிளக்கவும், கூரை போடவும், தேவைப்பட்டால் கதவை நெம்பவும் ஒரே கருவியாகப் பயன்பட வேண்டும் என்று எண்ணிச் செய்யப்படும் கனத்த கத்திகளில் அதுவும் ஒன்று. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது ஏறக்குறைய இந்த வகைக் கத்திகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அதன் எஃகு 1095 என்ற எண்ணால் குறிக்கப்படும் வகை. இதில் கார்பன் 0.90 முதல் 1.03 சதவீதம் வரையிலும், மாங்கனீசு 0.30 முதல் 0.50 சதவீதம் வரையிலும் இருக்கும். துருப்பிடிக்காமல் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை கடினம் ஏற்றியிருப்பதாக உறையில் எழுதியிருந்தது. திண்டுக்கல் மாவட்ட மலைப்பகுதியில், தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குச் சொந்தமான ஐந்து ஏக்கர் தோட்டத்தில் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவை இருக்கின்றன. நிழலுக்குச் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும் நிற்கின்றன. கழிக்கவும் வெட்டவும் பிளக்கவும் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும் இடம் என்பதால், கத்தி அலமாரியில் தூங்கவில்லை. இந்த ஒன்பது ஆண்டுகளில் அது செய்த வேலையும், அதைவிட அதன் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், நான் செய்த மாற்றங்களும், அவற்றில் பட்ட பாடும்தான் இந்தக் கட்டுரை.

முதல் நாளே அதன் குறை தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்து மேஸ்திரி அண்ணன் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலை வாயின் குறுக்கே மெதுவாக வைத்து எடுத்தார், பிறகு கட்டைவிரல் பருமனில் இருந்த ஒரு கல்யாண முருங்கைக் கிளையைச் சாய்வாக வெட்டினார். மெத்தென்ற அந்த மரத்திலேயே கத்தி பாதியில் நின்றது. தம் அரிவாளால் பக்கத்துக் கிளையை ஒரே வீச்சில் துண்டித்துவிட்டு, "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இது கத்தி இல்ல, ஆப்பு. அடிச்சாப் பொளக்கும், அறுக்காது" என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது உண்மை. ஆனால் வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்து பார்த்தபோது அவர் சொன்னதையே அதுவும் சொன்னது.

கத்தியின் கூர் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு அளவுகளைக் கலந்துவிடுகிறோம். ஒன்று, வாயின் இரு சரிவுகளும் சந்திக்கும் கோணம். மற்றொன்று, அந்தச் சரிவு முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் உள்ள தடிமன். என் கத்தியில் கோணம் ஒரு பக்கத்துக்கு 22 பாகை இருந்தது. கனமான கத்திக்கு அது பழுதில்லை. ஆனால் வாய்ச்சரிவுக்கு நேர் மேலே தடிமன் 1.2 மி.மீ. இருந்தது. சமையலறைக் கத்தியில் இதே இடத்தில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நுனியை எவ்வளவு தீட்டினாலும், அந்த நுனி மரத்துக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கியவுடன் பின்னாலிருக்கும் தோள் வந்து மரத்தை இரு பக்கமும் தள்ளத் தொடங்கிவிடும். அதற்கு மேல் கத்தி அறுப்பதில்லை, நெட்டித் தள்ளுகிறது. மேஸ்திரி ஒரு சொல்லில் சொன்ன 'ஆப்பு' இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் இரண்டு ஆண்டுகள் நான் நுனியை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை மயிரை மழிக்கும் அளவுக்குக் கூர் ஏறும், ஆனால் வாழைக்கன்றின் அடிக்கிழங்கைச் சீவும்போது கத்தி நழுவி விலகிப்போகும்.

ஆப்பாக இருப்பதன் பயனும் ஒருமுறை தெரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், மேற்கே நகர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது எங்கள் மலையையும் உலுக்கிவிட்டுத்தான் போனது. தோட்டத்துப் பாதையின் குறுக்கே சில்வர் ஓக் மரங்கள் விழுந்து கிடந்தன, மின்சாரம் இல்லை, வெளியே கிடந்த விறகெல்லாம் நனைந்திருந்தது. ஈர விறகின் உள்ளே இருக்கும் காய்ந்த வயிரத்தை எடுத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், கத்தியின் வாயைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் மரக்கட்டையால் அடித்து அடித்துப் பிளந்தோம். பழைய காப்பிச் செடியின் தண்டு இரும்பு போன்றது, கணுக்கள் நிறைந்தது. மூன்று நாட்களில் எத்தனை கட்டைகளைப் பிளந்தோம் என்று எண்ணவில்லை. அலகு வளையவில்லை, விரிசல் விடவில்லை. ஒரு தகரக் கூரை சரிந்து ஆட்டுப் பட்டியின் மேல் கிடந்தபோது, அதன் விளிம்பைக் கத்தி முனையால் நெம்பித்தான் தூக்கினோம். அரிவாளால் இந்த இரண்டையும் செய்திருக்க முடியாது. அரிவாளின் வளைந்த மூக்கு முதுகில் அடிக்க வாகு தராது.

அந்த மூன்று நாட்களின் முடிவில் வாய் பரிதாபமாக இருந்தது. கல்லில் பட்ட இடத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம், கணுவில் திருகிய இடங்களில் இரண்டு மூன்று மடிப்புகள், நடுப்பகுதி முழுவதும் மழுங்கல். பொறுமையாகக் கல்லில் தேய்த்து எடுத்திருக்க வேண்டும். நானோ மலையிறங்கும்போது கீழே ஒரு பட்டறையில் மின்சாரச் சாணையில் கொடுத்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் பொறி பறக்கப் பறக்கத் தேய்த்து, துணிச்சக்கரத்தில் வைத்து மெருகும் ஏற்றி, கண்ணாடிபோலத் திருப்பித் தந்தார்கள். எழுபது ரூபாய்தான் ஆயிற்று. அந்த எழுபது ரூபாய் வேலையைச் சரிசெய்ய எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அலகு வளையத் தொடங்கும் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு நீலத் தடம் தெரிந்தது. மெருகேற்றியவர் மற்ற இடங்களில் நிறத்தை அழித்திருந்தார், அங்கே மட்டும் விட்டுப்போயிருந்தது. கடினமேற்றிய எஃகைச் சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, சூட்டுக்கு ஏற்ப நிறம் காட்டும். 200 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே வெளிர் மஞ்சள், 260ஐ நெருங்கும்போது பழுப்பு, 280 அளவில் ஊதா, 300ஐத் தொடும்போது நீலம். இந்த எஃகைக் காய்ச்சித் தோய்ச்சல் போட்ட பிறகு பதப்படுத்தும் சூடு, நீலம் தோன்றும் சூட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பதப்படுத்திய சூட்டைத் தாண்டிச் சூடேறிய ஒவ்வொரு இடத்திலும் எஃகு தன் கடினத்தை இழக்கிறது. முதுகில் 6 மி.மீ. தடிமன் இருப்பதால் அங்கே சூடு பரவிவிடும். வாயின் நுனியில் உலோகமே இல்லாததால், கை தாங்கும் சூட்டில் அலகு இருக்கும்போதே நுனி நீலத்தை எட்டிவிடும். நிறத்தைத் தேய்த்து அழிக்கலாம், போன கடினம் அதனால் திரும்பாது.

இரண்டு நாள் வேலையில் அதற்குச் சாட்சி கிடைத்தது. மிளகுக் கொடி ஏற்றுவதற்காகக் கழி சீவும்போது, பிடியை ஒட்டிய பகுதி ஒழுங்காக அறுத்தது. நீலம் பட்ட பகுதியோ வாழைப்பட்டையின் ஓரம்போல ஒரு பக்கமாக மடிந்து படுத்துக்கொண்டது. கல்லில் நிமிர்த்தினால் மறுநாள் மறுபடி மடியும். மெல்லிய அரத்தை எடுத்து இரண்டு இடங்களிலும் ஒப்பிட்டு உரசிப் பார்த்தேன். பிடிப் பக்கத்தில் அரம் வழுக்கியது, நடுப்பகுதியில் கடித்துத் துகள் எடுத்தது. பழுதான உலோகத்தை முழுவதுமாகக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாயைக் கல்லுக்குச் செங்குத்தாக வைத்து 2 மி.மீ. அளவுக்குத் தேய்த்து எடுத்தேன், பக்கத்தில் வாளித் தண்ணீர், பத்து இழுப்புக்கு ஒருமுறை முக்கல். அன்றிலிருந்து மின்சாரச் சக்கரம் எதற்கும் இந்தக் கத்தியைக் கொடுப்பதில்லை. தவிர்க்க முடியாத நிலையில் இருப்பவர்கள், கையுறை இல்லாத விரலை வாயை ஒட்டி வைத்துக்கொண்டு, விரல் சுடத் தொடங்கும்போதே தண்ணீரில் முக்க வேண்டும். சுட்ட பிறகு முக்குவது பயன்தராது.

2 மி.மீ. கழித்ததால் இன்னொரு சிக்கல் முளைத்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. முதுகில் 6.3 மி.மீ., வாயோரம் 1.2 மி.மீ. என்று 40 மி.மீ. அகலத்தில் சீராகச் சரியும் அலகில், வாயிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டர் மேலே போகும்போதும் தடிமன் ஏறக்குறைய 0.13 மி.மீ. கூடும். ஆகவே வாயை 2 மி.மீ. குறைத்தவுடன் வாயோரத் தடிமன் 1.45 ஆகிவிட்டது. ஆப்பு இன்னும் பெரிய ஆப்பாயிற்று. தீட்டத் தீட்டக் கத்தி கூராகிக்கொண்டே போவதாகத்தான் நாம் நினைக்கிறோம். கனத்த கத்தியில் நுனியை மட்டும் தீட்டுகிறவர், ஒவ்வொரு முறையும் அதைச் சிறிது சிறிதாகத் தடிமனாக்குகிறார். ஆகவே நுனியைத் தீட்டும் வேலையோடு, அதற்கு மேலுள்ள கன்னத்தை, அதாவது அலகின் பக்கப்பரப்பை, மெலிதாக்கும் வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

அந்த மெலிதாக்கும் வேலையை 2019 தை மாதத்தில் தொடங்கினேன். தச்சர்கள் வைத்திருக்கும் இருபக்கக் கார்பரண்டம் கல்லின் சொரசொரப்பான பக்கம், ஒரு மார்க்கர் பேனா, காலிப்பர், முதுகின் மேல் மடித்துப் போட ஒரு தகட்டுத் துண்டு, இவ்வளவுதான் கருவி. நான் வைத்த இலக்கு, வாயிலிருந்து 12 மி.மீ. உயரம் வரையுள்ள பகுதியை இரு பக்கமும் சீவி, வாயோரத் தடிமனை 0.7 மி.மீ.க்குக் கொண்டுவருவது. கணக்குப் போட்டுப் பார்த்தால், இதற்கு அலகைக் கல்லில் ஏறக்குறைய படுக்கவைத்தால் போதும், முதுகு 0.8 மி.மீ. மட்டும் தூக்கி நிற்க வேண்டும். அந்தத் தூக்கலைக் கையால் பிடித்து வைக்க யாராலும் முடியாது. அதனால்தான் அந்தத் தடிமனில் ஒரு தகட்டை முதுகில் மாட்டிக்கொண்டேன். தகடும் கல்லில் உரசித் தேயும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். கன்னம் முழுவதும் மார்க்கரால் கறுப்புப் பூசிவிட்டு இருபது இழுப்பு இழுத்துப் பார்த்தால், எங்கே கறுப்பு போயிருக்கிறது, எங்கே மிச்சமிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நான் நேராகப் பிடித்திருப்பதாக நம்பிய பல நாட்களில், கை தானாக வெளிப்பக்கம் சாய்ந்திருந்ததை அந்தக் கறுப்புதான் காட்டிக்கொடுத்தது.

ஒரு நாளைக்கு அரைமணி நேரம் வீதம் ஆறு வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிற்று. வலக்கைக்காரர்கள் இடப்பக்கக் கன்னத்தைத் தேய்க்கும்போது அழுத்தம் குறைவதால் அலகின் நடுக்கோடு ஒரு பக்கம் ஒதுங்கும். ஆகவே இழுப்புகளை எண்ணாமல், வாரம் ஒருமுறை வாயை மேல்நோக்கிப் பிடித்து நேராகப் பார்த்து, ஒதுங்கிய பக்கத்துக்கு ஏற்பச் சரிசெய்தேன். அலகின் மேல் பூசியிருந்த கறுப்புப் பூச்சும் இந்த வேலையில் கீழ்ப்பாதியில் போய்விட்டது. அது போனதும் நல்லதே, ஏனென்றால் அந்தச் சொரசொரப்புதான் வெட்டும்போது மரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மெலிதாக்கிய முதல் நாள் கத்தி தேங்காய் நார்க் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தது. அந்தக் குஷியில் நான் செய்த தவறு, வாயின் கோணத்தையும் முழு நீளத்துக்கும் 15 பாகைக்கு இறக்கியது. ஒரு வாரம் எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். பிறகு கல்மூங்கில் வெட்டப் போனோம். மூங்கிலின் மேல்தோலில் மணற்சத்தான சிலிக்கா மிகுதியாக இருக்கும். போதாதற்கு அது வட்டமானது, கத்தி இறங்கும் திசையைத் திருப்பிவிடும். வெட்டி முடித்து மணிக்கட்டைச் சற்றுத் திருகி அலகை வெளியே இழுக்கும்போது, 'டிக்' என்று நகம் ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வாயை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், ஒரு விரற்கடை நீளத்துக்குச் சின்னச் சின்ன அலைகள், இரண்டு இடங்களில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. நல்ல கூரான வாயில் ஒளிபடாது. ஒளி மின்னும் ஒவ்வொரு புள்ளியும் மழுங்கிய அல்லது உடைந்த இடம். குறை எஃகினுடையது என்று சொல்ல முடியாது. 450 கிராம் எடையை வீசி வெட்டும் கருவிக்குக் காய்கறிக் கத்தியின் கோணத்தைக் கொடுத்தது என் குற்றம்.

இதிலிருந்துதான் ஒரே அலகைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தீட்டும் முறைக்கு வந்து சேர்ந்தேன், இன்றுவரை அதை மாற்றவில்லை. பிடியை ஒட்டிய 4 செ.மீ. பகுதியில் மணிக்கட்டின் முழு வலுவும் இறங்கும். கழி சீவுவது, முளை கூராக்குவது, காடி (பள்ளம்) வெட்டுவது எல்லாம் அங்கேதான் என்பதால் அதை 17 பாகையில் வைத்திருக்கிறேன். நடுவில் உள்ள 7 செ.மீ. வீசி வெட்டவும் பிளக்கவும் ஆனது. அதற்கு 20 பாகை, அதுவும் தட்டையான சரிவாக இல்லாமல் சற்று உப்பிய சரிவு. முனையை ஒட்டிய கடைசி 3 செ.மீ. மண்ணில் குத்தும், தகரத்தை நெம்பும். அங்கே கன்னத்தைக்கூட அதிகம் மெலிதாக்கவில்லை, கோணமும் பழைய 22 பாகைதான். பார்வைக்கு இது அழகாக இல்லை, சரிவின் அகலம் மூன்று இடத்தில் மூன்று விதமாகத் தெரிகிறது.

கோணத்தைப் பாகையில் சொன்னால் கல்லின் முன் உட்காரும்போது எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி எழும். முதுகின் கீழ் விளிம்பு கல்லிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே எளிய வழி. இப்போது 38 மி.மீ. அகலமும் 6.3 மி.மீ. முதுகும் உள்ள என் அலகுக்கு, அந்த உயரம் 8 மி.மீ. இருந்தால் 17 பாகை, 10 மி.மீ. இருந்தால் 20 பாகை, 11 மி.மீ.க்குச் சற்று மேலே போனால் 22 பாகை. இந்த மூன்று உயரத்திலும் மூன்று மரத்துண்டுகள் அறுத்து வைத்திருக்கிறேன். தொடங்கும்போது கத்தியை அவற்றின் மேல் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துவிடுவேன், பத்து நாளில் கைக்கு அந்தச் சாய்வு பழகிவிட்டது. அகலம் வேறானால் கணக்கும் மாறும் என்பதால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உப்பிய சரிவை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு நான் படித்திருந்த வழி, ரப்பர் விரிப்பின் மேல் வாட்டர் பேப்பர் என்ற உரசுதாளை ஒட்டி, வாய் பின்னால் வரும்படி இழுப்பது. ரப்பர் சற்று அமுங்கிக் கொடுப்பதால் தாள் வாயின் தோள்களைச் சுற்றி வளைந்து, முனைப்பான விளிம்புகளை உருட்டிவிடும். 220, 400, 800, 1500 என்ற எண்களில், சொரசொரப்பிலிருந்து நைசு வரை, நான்கு தாள்களை வாங்கிவந்து திண்ணையில் அதைச் செய்துகொண்டிருந்தபோது மேஸ்திரி அண்ணன் வந்து நின்றார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்த் தம் வீட்டிலிருந்து தீட்டுப்பலகையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம், நடுவில் பல்லாண்டுத் தேய்மானத்தில் தோணிபோலக் குழிந்த பழைய மரப்பலகை. அதன் மேல் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடியைத் தூவி அரிவாளை முன்னும் பின்னும் வழித்தால் போதும், அவர் தீட்டல் முடிந்தது.

ஊரில் 'தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது' என்று நன்றிகெட்டவனைச் சொல்வார்கள். அந்த மரம் இதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தாளும் ரப்பரும் சேர்ந்து செய்யும் வேலையை மரமும் பொடியும் செய்கின்றன. மெத்தென்ற மரம் அமுங்கிக் கொடுக்கிறது, பொடி மரத்தில் பதிந்து அராவுகிறது, வாய் தானாக உப்பலாக அமைகிறது. திருப்பாச்சேத்தி அரிவாளானாலும் உள்ளூர்க் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்ததானாலும், நம் பக்கத்து அரிவாள்களின் வாய் எப்போதும் உப்பலாகவே இருந்து, கணுவில் பட்டாலும் தாங்கிக்கொள்வதற்குக் காரணம் இந்தப் பலகைதான் என்பது என் கணிப்பு.

வெங்கச்சங்கல்லால் வெளிநாட்டு எஃகு தேயுமா என்று எனக்கு ஐயம் இருந்தது, கணக்குப் பார்த்தபோது தீர்ந்தது. என் கத்தியின் கடினம் விக்கர்ஸ் என்ற மற்றொரு கடின அளவில் ஏறக்குறைய 640, அதற்குள் இருக்கும் இரும்புக் கார்பைடு துகள்கள் 1000 அளவில் இருக்கும், வெங்கச்சங்கல் அதற்கும் மேலே 1100ஐத் தாண்டும். ஆகவே தாராளமாகத் தேய்க்கும். இதையே வனேடியம் மிகுந்த புதிய வகை எஃகில் முயன்றால் பலிக்காது, ஏனென்றால் வனேடியம் கார்பைடின் கடினம் 2500க்கும் மேல், அதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். காட்டில் கிடைப்பதை வைத்துத் தீட்டிக்கொள்ள வேண்டிய கத்திக்கு 1095 போன்ற எளிய எஃகே பொருத்தம் என்று நான் நினைப்பதற்கு முதற்காரணம் இதுதான். நாளெல்லாம் கூர் தாங்கும் எஃகு எனக்கு வேண்டாம், ஐந்து நிமிடத்தில் கூர் திரும்பும் எஃகு போதும்.

கல்லிலானாலும் பலகையிலானாலும் தீட்டி முடித்த பிறகு பிசிர் எடுப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் எழும்பும் மெல்லிய உலோக இழை, விரலுக்கு நல்ல கூர்போலவே தோன்றும். முதல் இரண்டு வெட்டில் அது மடிந்ததும், காலையில் தீட்டியது இப்போதே போய்விட்டதே என்று எஃகைத் திட்டுவோம். வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மிக இலேசாக, எடையே இல்லாமல் நகர்த்தினால் பிசிர் இருக்கும் இடத்தில் நகத்தில் சிக்கும். நான் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பக்கமும் இழுத்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பச்சை மெருகு மெழுகைத் தேய்த்து அதில் பத்துப் பன்னிரண்டு முறை வழித்து எடுக்கிறேன். முன்பு முடிதிருத்தும் கடைகளில் சவரக்கத்தியைத் தோல்வாரில் வழிப்பார்களே, அதே வேலைதான்.

துருவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இந்த எஃகு துருப்பிடிக்கும், துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு உறைக்குள் போட்டு மறந்தால் காலையில் செம்புள்ளி பூத்திருக்கும். தோலுறையில் வைப்பது இன்னும் மோசம், தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். வாழை வெட்டினால் சில மணி நேரத்தில் அலகு கன்னங்கரேலென்று ஆகிவிடும். வாழைக்கறையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது, கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையில்தான். அதைத் தேய்த்துப் போக்க வேண்டியதில்லை, செந்துரு பரவுவதை அது ஓரளவு தடுக்கவும் செய்கிறது. எண்ணெய் விஷயத்தில் ஒரு சின்னப் பாடம் கிடைத்தது. முதலில் நல்லெண்ணெய் பூசினேன், சில வாரங்களில் அது பிசின்போல் இறுகி உறையின் தூசியை எல்லாம் பிடித்துக்கொண்டது. தேங்காய் எண்ணெய் அப்படி இறுகுவதில்லை. மார்கழிக் குளிரில் அலகின் மேல் வெள்ளையாக உறைந்து நிற்கும், அதனால் கெடுதல் ஏதுமில்லை.

பிடியின் திருகாணிகள் மூன்றில் ஒன்று கஜா சமயத்தில் தளர்ந்தது, இறுக்கியபின் தொல்லை தரவில்லை. பிடி வழுக்கியதற்கும் உள்ளங்கை கொப்புளித்ததற்கும் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இழுத்து மாட்டியதோடு தீர்வு கிடைத்துவிட்டது.

கத்தியைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோவது பற்றியும் ஒரு சொல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 31ஆம் பிரிவின்படி, முன்னதாக எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. காட்டுக்கென்றே செய்த கத்தி ஆயிற்றே என்று முதுகுப்பையில் வைத்துக்கொண்டு நடைபயணம் கிளம்பும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது யாராவது என்னிடம் தோட்டத்துக்கு இத்தகைய கத்தி வாங்கலாமா என்று கேட்டால், முதலில் ஒரு நல்ல அரிவாள் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். உண்ணிச்செடிப் புதரை அழிக்கவோ கிளை கழிக்கவோ அரிவாளுக்கு முன் இந்தக் கத்தி நிற்காது, எத்தனை மெலிதாக்கினாலும் நீளமும் முன்கனமும் இல்லாத குறை அப்படியேதான் இருக்கும். பிளக்க, நெம்ப, காடி வெட்ட, ஒரே கருவியைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்தின் கடைசி எல்லைவரை போய்வர இது உதவுகிறது. அதுவும் வாங்கியபடியே இருந்திருந்தால் உதவியிருக்காது.

2025 சித்திரையில் கடைசியாக அளந்தபோது அலகின் அகலம் 36.5 மி.மீ., வாயோரத் தடிமன் நடுப்பகுதியில் 0.8 மி.மீ. 0.7இல் இருந்தது கூடியிருக்கிறது, அதாவது கன்னத்தை மறுபடி படுக்கவைத்துத் தேய்க்கும் நேரம் வந்துவிட்டது. அகலம் குறைந்திருப்பதால் என் மூன்று மரத்துண்டுகளையும் சற்றுச் சீவிக் குள்ளமாக்க வேண்டும். முனைக்கு இரண்டு விரல் முன்னால், போன மாதம் பாறையிடுக்கில் பட்டதில் அரை மி.மீ. ஆழத்துக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது. அதை எடுக்கவென்று வாய் முழுவதையும் கழிக்கப் போவதில்லை. மூங்கில் பருவம் முடிந்து இன்னும் மூன்று நான்கு முறை பலகையில் வழித்தால், அது தானாகவே மறைந்துவிடும்.